அங்குலக் கணக்கில் ஒரு பேஸ் கிடார்

ஜூன் 8, 2024, சனி

நானே கூட்டிச் செய்யும் பேஸ் கிடாருக்கு நெக், அதாவது கழுத்துப் பகுதி, வந்துவிட்டது. மேப்பிள் மரம், மேலே ஈட்டிப் பலகை, 20 ஃபிரெட் (விரல் அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் உலோகக் கட்டைகள்), தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் அகலம் ஒன்றரை அங்குலம். ஜாஸ் பேஸ் அளவு. கலிஃபோர்னியாவின் ஃபெண்டர் நிறுவனம் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் நெக் இதைவிட அகலம். 1960இல் ஜாஸ் பேஸ் வந்தபோதுதான் நட் பக்கம் ஒடுங்கியது. என் விரல்களுக்கு ஒடுங்கியதுதான் வசதி. ஆனால் சத்தம் பிரிசிஷனுடையதாக வேண்டும். கடையில் இந்தக் கலவை எனக்குப் பிடித்த மாதிரி கிடைக்கவில்லை, அதனால்தான் இந்த வேலை. பணம் மிச்சமாகும் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம், ஆகாது.

ஈட்டி நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம். இந்தோனேசியாவிலும் வளர்க்கிறார்கள் என்பதால் இந்தத் துண்டு எந்த மலையில் நின்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

பாடிக்கு மரம் பார்க்க ஆசாரி அண்ணனின் பட்டறைக்குப் போனேன். அவர் எடுத்துக் காட்டியது தேக்கு. அழகுதான், ஆனால் அதில் செய்தால் தோள் இறங்கிவிடும். மூலையில் மலைவேம்புப் பலகை சாத்தியிருந்தது. அதைக் கேட்டதும் சிரித்தார். “தம்பி, அது பிளைவுட்டுக்குப் போற மரம்.”

இருக்கட்டும். காய்ந்த பலகை, தூக்கினால் லேசாக இருந்தது. மென்மையான மரத்தில் திருகு பிடிக்குமா என்பது நியாயமான கேள்விதான். நெக்கைப் பிடிக்கும் நான்கு திருகுகளும் பாடியைத் தாண்டி மேப்பிளில்தான் கடிக்கின்றன. பாடியில் இருப்பவை சும்மா நுழைந்து போகும் துளைகள். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளை மட்டும் நீளமாகப் போட்டால் போதும்.

வரைபடத்தை முழு அளவில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன், மில்லிமீட்டரில். அண்ணன் அதை ஒதுக்கிவைத்துவிட்டு “அங்குலத்துல சொல்லு” என்றார். பாடி கனம் 44.5 மி.மீ. என்றால் ஒன்றே முக்கால் அங்குலம். நெக் உட்காரும் குழியின் ஆழம் 16 மி.மீ., அதாவது அஞ்சு நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). குழியின் அகலம் இரண்டரை அங்குலம். கலிஃபோர்னியாவில் அங்குலத்தில் போட்ட கணக்கு, நம் பட்டறையின் நூல் கணக்கில் அப்படியே வந்து உட்கார்ந்தது. நான்தான் நடுவில் மில்லிமீட்டரைக் கொண்டுவந்து குழப்பியிருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

குழி தயார். ஜாஸ், பிரிசிஷன் இரண்டிலும் நெக்கின் அடிப்பகுதி ஒரே அகலம் என்பதால்தான் இந்த மாற்றுக் கல்யாணமே நடக்கிறது. அண்ணன் கடைசி ஓரத்தை உளியால் சீவிச் சீவி வைத்துப் பார்த்தார். திருகே இல்லாமல் நெக்கைப் பிடித்துத் தூக்கினேன், பாடியும் கூடவே எழுந்தது. இனி உப்புத்தாள், பிறகு மெலமைன் பாலிஷ்.

ஜூன் 30, ஞாயிறு

பாலிஷ் காய்கிறது. ஒயரிங் சாமான்களை நேற்றே ரிச்சி தெருவில் வாங்கிவிட்டேன். வால்யூம், டோன் திருகுவதற்கு 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் மூன்று. காதுக்குச் சத்தம் சீராக ஏறி இறங்கும் லாக் வகை வேண்டும் என்று கேட்டால் லீனியரை எடுத்து நீட்டுகிறார்கள். லீனியரில் வால்யூமைக் குறைக்கும்போது சத்தம் ஓர் ஓரத்தில் மட்டும் சட்டென்று விழும், நடுவில் திருகியும் திருகாத மாதிரி இருக்கும். மேலே ஆங்கில எழுத்து ‘ஏ’ இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

டோனுக்கு 0.047 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், சில ரூபாய்தான். பழைய காலத்து எண்ணெய்-காகிதக் கெப்பாசிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மதிப்பு ஒன்றாக இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

இன்றுதான் உண்மையான வேலை. நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட் 17 அங்குலம். அதே தூரம் இன்னொரு மடங்கு போனால் 34, அங்கே பிரிட்ஜில் ஜி கம்பியைத் (நான்கில் மெல்லியது) தாங்கும் சேடில் நிற்க வேண்டும். மற்ற மூன்று சேடில்களும் அதற்குப் பின்னால்தான் போகும் என்பதால், ஜி சேடிலை முன்னால் தள்ளிவைத்துவிட்டு பிரிட்ஜின் இடத்தைக் குறித்தேன்.

ஆனால் தூரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஆசாரி நூலை இ, ஜி கம்பிகளை முறுக்கும் டியூனர்களிலிருந்து பிரிட்ஜ் வரை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினோம். கடைசி ஃபிரெட்டில் இரண்டு நூல்களும் விளிம்பிலிருந்து ஒரே அளவு தள்ளி இருக்க வேண்டும். ஜி பக்கம் நெருக்கமாக இருந்தது. அந்த நிலையில் துளை போட்டால் வாசிக்கும்போது கம்பி ஃபிரெட் முனையில் வழுக்கி விழும். பிரிட்ஜை ஒரு மயிரிழை நகர்த்தினோம், சமமானது. அதற்கப்புறம்தான் டிரில்.

மேப்பிளில் ஒரு நூல் பிட்டால் துளை. திருகு முனையைச் சோப்பில் குத்தி எடுத்தார் அண்ணன். சோப்பு இல்லாமல் இறுக்கினால் திருகின் தலை கையோடு வந்துவிடும் என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

இரைச்சல் குறைய ஒயரிங் குழிகளுக்குள் செம்புத் தாள் ஒட்டி, பிரிட்ஜுக்குக் கீழே எர்த் ஒயர் விட்டேன். பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் ஈயம் ஒட்ட 25 வாட் சால்டரிங் இரும்புக்குச் சூடு போதவில்லை, 60 வாட் கடன் வாங்கினேன்.

நெக் பக்கம் இரண்டு துண்டாகப் பிரிந்த பிரிசிஷன் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது), 1957 வடிவமைப்பு. இரண்டு சுருள்களும் எதிரெதிராகச் சுற்றியிருப்பதால் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. பிரிட்ஜ் பக்கம் ஜாஸ் பிக்கப், ஒற்றைச் சுருள். அதைத் தனியாகத் திறந்தால் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’. டியூப் லைட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் பாதி குறைகிறது. செம்புத் தாள் ஓரளவுக்குத்தான் உதவும், ஒற்றைச் சுருளின் குணம் அது.

ஜூலை 21, ஞாயிறு

45 முதல் 105 வரை செட் கம்பி (கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்தினால் 8ஆம் ஃபிரெட்டில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி, அதற்கு நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தினேன். 12ஆம் ஃபிரெட்டில் இ கம்பியின் உயரம் ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவு.

பிறகு சுருதி. 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் இழுக்க வேண்டும். இ சேடில்தான் அதிகம் பின்வாங்கியது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடார் கலைஞர் சசிதரன் மேல் ஃபிரெட்டுகளில் ஏறிப்போகும் மாதிரி இடங்களை வாசித்துப் பார்த்தேன், சுருதி நிற்கிறது.

கையை எடுத்தால் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்கிறது. லேசான பாடிக்கு இது எதிர்பார்த்ததுதான். சொரசொரப்பான அகலத் தோல் பட்டை வாங்கிப் பார்க்கிறேன், சரிப்படவில்லை என்றால் டியூனர்களை எடை குறைந்தவையாக மாற்ற வேண்டும்.