ரேஸ் ட்ராக்கிலிருந்து ஏடிஐ வரை: பார்ட் 3 எழுதப்போகிறவர்களுக்கு

போன வாரம் பார்ட் 3 முடிந்தது, கிரேடு ஏ. பிரிட்டனில் அங்கீகரிக்கப்பட்ட கார் ஓட்டுநர் பயிற்சியாளர் (ஏடிஐ) ஆவதற்கான மூன்று தேர்வுகளில் கடைசி அது; மாணவர் ஒருவருக்கு நாம் பாடம் நடத்துவதைத் தேர்வாளர் உட்கார்ந்து மதிப்பிடுவார். இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பிரிட்டனில் கிளப் ரேஸ் ஓட்டிக்கொண்டு, ட்ராக்கில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவன் நான். ரேஸ் பணத்தைத் தின்னும், கற்றுக்கொடுப்பதுதான் சோறு போடும். அங்கிருந்து சாலைப் பயிற்சிக்கு வர நினைப்பவர்களுக்காகவே இது.

கோட்பாட்டுத் தேர்வான பார்ட் 1-க்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். 100க்கு 85 எடுத்தாலும், நான்கு பிரிவுகளில் ஒன்றில் 20க்குக் கீழே போனால் தோல்விதான். அதனால் பிடிக்காத பிரிவை முதலில் படியுங்கள். நம் ஆட்களுக்கு அது பெரும்பாலும் சட்டமும் மாற்றுத்திறனும் வரும் பிரிவாக இருக்கும்.

நாம் ஓட்டுவதைச் சோதிக்கும் பார்ட் 2-இல் சிறு பிழைகள் ஆறுவரை பொறுப்பார்கள். ட்ராக் பழக்கம் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணிக்கு 60 மைல் வேக வரம்புள்ள சாலையில் காரணமில்லாமல் 45இல் ஊர்ந்தால் அதற்கும் பிழை விழும். வளைவில் லேனுக்குள்ளேயே இருங்கள், மற்றபடி இயல்பாக ஓட்டுங்கள். மூன்று முறை உலக சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட் மிதிகளை எவ்வளவு மென்மையாகக் கையாண்டார் என்று படித்திருப்பீர்கள். அந்த மென்மை இங்கே அப்படியே உதவும்.

சரி, பார்ட் 3. மொத்தம் 17 அம்சங்கள், 51 மதிப்பெண், 31 எடுத்தால் தேர்ச்சி, 43 எடுத்தால் ஏ. எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் பாடத் திட்டத்துக்கு உருகி உருகித் தயாராகிறவர்கள், ஆபத்து மேலாண்மைப் பிரிவைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த 15 மதிப்பெண்ணில் 7 அல்லது அதற்குக் கீழே எடுத்தால், மற்றதெல்லாம் முழுசாக இருந்தாலும் தோல்வி. ரேஸ் உரிமத்துக்கான ஏஆர்டிஎஸ் தேர்வில் கொடி சைகைக் கேள்வி ஒன்று தப்பினாலும் வெளியே அனுப்புவார்களே, அதே கண்டிப்பு.

என் தேர்ச்சிக்குக் காரணம் ஒரே பழக்கம் என்று உறுதியாக நம்புகிறேன்: எது யார் பொறுப்பு என்பதை வாய்விட்டுப் பிரித்துச் சொல்வது. "கியரும் வேகமும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பார்க்க நான் நினைவூட்டுகிறேன். என் பக்கத்து பிரேக்கைத் தொட்டால் ஏன் தொட்டேன் என்று சொல்வேன்." இதைத் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லி முடித்துவிடாதீர்கள். சாலை மாறும்போதும், மாணவர் தேறும்போதும் பொறுப்பை மறுபடி பிரியுங்கள். இரண்டு ரவுண்டபவுட்டை நன்றாகச் செய்தார் என்றால், மூன்றாவதில் கண்ணாடியும் அவர் பொறுப்பு.

ட்ராக்கில் நாம் கத்தரித்துப் பேசுவோம்: "பிரேக். திருப்பு. விடு." சாலையில் அந்தக் குரல் மாணவரை உறைய வைத்துவிடும். அதற்குப் பதில் முன்கூட்டியே கேள்வி கேளுங்கள்: "அந்த வேனுக்குப் பின்னால் என்ன இருக்கலாம்?" வளைவின் முடிவைத் தேடிப் பார்க்கும் நம் கண்தான் நம்மிடம் இருக்கும் பெரிய சொத்து. அதைக் கேள்வியாக மாற்றத் தெரிந்துவிட்டால் ஆபத்துப் பிரிவோடு கற்பித்தல் பிரிவும் சேர்ந்து உயரும்.

அப்புறம் சில உதிரிக் குறிப்புகள்:

- உங்கள் பக்கத்து பிரேக்கை மிதித்ததாலேயே தோல்வி கிடையாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, என்ன நடந்தது என்று மாணவரிடமே கேளுங்கள். பேசாமல் கடந்துபோனால்தான் மதிப்பெண் போகும்.
- திட்டம் பொருந்தவில்லையா, அங்கேயே மாற்றுங்கள். மாற்றுவதையும் மதிப்பிடுகிறார்கள்.
- ரேஸ் கதை வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் மாணவருடையது.
- தேறுவதற்கு முன்பே கற்றுக்கொடுக்க அனுமதிக்கும் பயிற்சி உரிமமான இளஞ்சிவப்பு பேட்ஜ் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். பொறுமையாகக் கற்கிறவர்களுக்கு அந்தக் கெடு ஒத்துவராது, எனக்கும் ஒத்துவராது.
- பார்ட் 1 தேறிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், பார்ட் 3-க்கு மூன்று வாய்ப்புகள். அதற்கேற்பத் தேதி போடுங்கள்.

பார்ட் 3-க்கு மாணவராக இன்னொரு பயிற்சியாளரையோ, அதே தேர்வுக்குத் தயாராகிறவரையோ கூட்டிப்போக முடியாது. முழு உரிமம் உள்ள நண்பரை அழைத்துப் போகலாம். ஆனால் கற்றுக்கொள்ள உண்மையான குறை ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். மோட்டார்வேக்குப் பயப்படுகிறவர் கிடைத்தால் மிக நல்லது. ஒருவர் வர முடியாமல் போனால் உடனே கிளம்பி வர இரண்டாவது ஆளிடமும் முன்பே பேசி வையுங்கள்.