துவர்த்து

ஜூலை 20
அறுவை சிகிச்சை நாளை மறுநாள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பைக்குள் இரண்டு சேலையும் மூன்று ரவிக்கையும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைத் துவர்த்தும் (துண்டை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) எடுத்து வைத்தார்.

ஜூலை 22
மருத்துவமனை உடுப்பு முதுகுப்பக்கம் முழுவதும் திறந்திருந்தது; இடுப்பு நாடா அறுந்துபோயிருந்தது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லாதபோதும், அம்மா சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே கட்டிலுக்கு நடந்தார். "மக்களே, அந்தத் துவர்த்த எடு" என்று வாங்கி, நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, இரு நுனிகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்ட பிறகுதான் ஊசிக்குக் கையை நீட்டினார். பெயர், வயது, சர்க்கரை உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னவர், செவிலியர் அந்தத் துணியை எடுக்க வந்தபோது அழுதுவிட்டார்.

ஜூலை 23
மழை. துவர்த்து என் மடியில் இருக்கிறது.

ஜூலை 24
வாசலில் ஆள் அரவம் கேட்டால், கொடியில் கிடக்கும் துவர்த்தைத் தோளில் போட்ட பிறகே அம்மா "யாரு?" என்று கேட்பார். நைட்டியில் இருப்பதால்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அப்பா இறந்த அன்று, சேலை உடுத்தியிருந்தும் அதன்மேல் துவர்த்தைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். துப்பட்டாவைக் கல்லூரி நாட்களிலேயே விட்டுவிட்ட நானும், மருத்துவர் அறைக்குள் நுழையும்போது கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 26
1859-இல் இதே நாளில்தான், நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று திருவிதாங்கூர் மன்னர் உத்தரம் திருநாள் அறிவித்தார். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. கல்குளம், இரணியல் பக்கங்களில் பெண்களின் தோள்சீலையைக் கிழித்தெறிந்த கதையைத் தன் பாட்டியிடம் கேட்டதாக என் பாட்டி சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் அவர் கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டிருக்கும்.

ஜூலை 27
கட்டு மாற்றும்போது திரையைச் சரியாக இழுக்கவில்லை. துவர்த்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அம்மா கண்களை மூடியிருந்தார்.

ஜூலை 29
வடசேரியில் தையல்காரப் பெண்ணிடம் பழைய ரவிக்கைகளைக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் குரலைத் தாழ்த்தி, இடப்பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கலாம் என்றாள். அதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

ஜூலை 31
கேட்டேன். வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்பக்கம் கொக்கி வச்சு, கொஞ்சம் லூசாட்டு தைக்கச் சொல்லு." பஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துவர்த்தைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். இந்த மழையில் இன்னும் உலரவில்லை.