தம்பியின் நோட்டில் 83 டிக்

போன மாதம் ஒரு ராத்திரி தம்பி ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பக்கம் பக்கமாக டிக் போட்டிருந்தது. எண்ணினேன், 83. "ஒண்ணுகூடத் தப்பல அக்கா. நீ கணக்கு டீச்சர்தானே, இதுல எங்க ஓட்டைன்னு சொல்லு பாப்போம்" என்றான்.

ரூலெட் ஆடிக்கொண்டிருந்தான். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பணம் கட்டும் சூதாட்டம். முறை பழையதுதான், மார்ட்டிங்கேல் என்று பெயர். சிவப்பில் ஒரு சிப், அதாவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை, வைக்க வேண்டும். தோற்றால் இரண்டு, அப்புறம் நான்கு, எட்டு, பதினாறு. எப்போது சிவப்பு விழுந்தாலும் அதுவரை விட்டது முழுக்கத் திரும்பி வந்து, மேலே ஒரு சிப் லாபம் நிற்கும். அப்போது ஒரு டிக். அவன் ஆடிய மேசையில் உச்சவரம்பு 64 சிப். அதனால் தொடர்ந்து ஏழு முறை தோற்றால் அதற்கு மேல் இரட்டிக்க வழியில்லை. 1, 2, 4 என்று 64 வரை கூட்டினால் 127 சிப் போய்விடும். "ஏழு தடவை தொடர்ந்து தோக்கறதெல்லாம் நடக்கற காரியமா?" என்று கேட்டான்.

எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. 'சூதாடாதே' என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவன் கேட்டது கணக்கு. கணக்காகத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சக்கரம். ஐரோப்பிய ரூலெட்டில் 0 முதல் 36 வரை 37 பள்ளங்கள். 18 சிவப்பு, 18 கறுப்பு, பச்சையில் ஒரு பூஜ்யம். ஒற்றை எண்ணில் வைத்து ஜெயித்தால் வைத்ததற்கு மேல் 35 மடங்கு தருவார்கள். 36 பள்ளங்கள் மட்டும் இருந்தால் அது துளியும் குறையாத நியாயமான தொகை. இருப்பதோ 37. அந்த ஒரு பள்ளத்தின் வித்தியாசம்தான் ஹவுஸ் எட்ஜ், ஆட்டம் நடத்துபவருக்குச் சராசரியாகப் போகும் பங்கு: 37இல் 1, அதாவது 2.7 சதவீதம். சக்கரத்தில் காந்தம் வைத்து ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. சிவப்பில் வைத்தாலும், ஒற்றை எண்ணில் வைத்தாலும், நான்கு எண்கள் சேரும் மூலையில் வைத்தாலும் அதே 2.7தான்.

ஏழு முறை நடக்குமா என்ற சந்தேகத்துக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோவின் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனி சிவப்புதான் என்று நம்பி மேலும் மேலும் கட்டியவர்கள் பெரும் பணத்தை விட்டார்கள். ஆறு கறுப்பு வந்த பிறகும் சக்கரத்தில் இருப்பது அதே 18 சிவப்புதான். பத்தொன்பதாவது ஒன்று முளைப்பதில்லை.

இப்போது அவன் நோட்டுக்கு வருகிறேன். பூஜ்யம் இல்லாத சக்கரமாக இருந்தால், ஏழு முறை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 128இல் 1. அந்த ஏழு தொடர் தோல்வியைச் சறுக்கல் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 127 டிக்குக்கு ஒரு சறுக்கல். 127 டிக்கில் 127 சிப் லாபம், ஒரு சறுக்கலில் 127 சிப் நஷ்டம். நேருக்கு நேர் கழிந்துபோகிறது. இதை எத்தனையோ வருடங்களாக வகுப்பில் சொல்லித் தருகிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

அந்தப் பச்சைப் பள்ளத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தோற்கும் வாய்ப்பு 37இல் 19. அதை ஏழு முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 106இல் 1. இப்போது சராசரியாக 105 டிக்குக்கு ஒரு சறுக்கல் வந்துவிடுகிறது. சறுக்கலின் விலை மட்டும் குறையவில்லை, அதே 127. வரவு 105, செலவு 127. 22 சிப் துண்டு விழுகிறது.

"அப்ப என் 83?" என்றான். அதையும் போட்டுப் பார்த்தேன். சறுக்காமல் 83 டிக் வாங்கும் வாய்ப்பு சுமார் 46 சதவீதம். இதே முறையில் நூறு பேர் ஆடினால், ஏறக்குறைய 46 பேரிடம் இப்படி ஒரு சுத்தமான நோட்டு இருக்கும். அந்த 46 பேரும் முறை பலிக்கிறது என்றுதான் நினைப்பார்கள். சறுக்கியவர்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு யாரிடம் காட்டப் போகிறார்கள்?

அவனை உண்மையில் அசைத்தது வேறொரு எண். 'ஒரு சிப்தானே வைக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரட்டித்தவற்றையும் சேர்த்தால், ஒரு டிக்கோ சறுக்கலோ வரும் வரையிலான ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சராசரியாக 7.6 சிப் மேசைக்குப் போகிறது. 2.7 சதவீதம் பிடிப்பது அந்த 7.6 மேல். நாம் சட்டைப்பையில் கொண்டுபோன பணத்தின் மேல் அல்ல, மேசையில் திரும்பத் திரும்ப வைக்கும் மொத்தத்தின் மேல். இந்த ஒன்றைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். 2.7 என்றதும் 'அவ்வளவுதானா' என்று தோன்றுகிறது. ஒரே சிப் நூறு தடவை மேசைக்குப் போய் வந்தால் நூறு தடவையும் அந்த வரி உண்டு.

நம்ப முடியாத ஒரு கணக்கு இருக்கிறது. கையில் 100 சிப், அதை 200 ஆக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் சிவப்பில் வைத்தால் ஜெயிக்கும் வாய்ப்பு 48.6 சதவீதம். ஜாக்கிரதையாக ஒவ்வொரு சிப்பாக, 200 ஆகும் வரை அல்லது எல்லாம் தீரும் வரை ஆடினால்? 0.45 சதவீதம். இருநூறு பேரில் ஒருவர்கூடத் தேறமாட்டார். நிதானம் எங்கும் நல்லது என்று வளர்க்கப்பட்ட எனக்கு, முதல் முறை இதைப் போட்டபோது கணக்கில் பிழை என்றே தோன்றியது. மூன்று தடவை சரிபார்த்தேன். நேரம் நீள நீள அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் அடங்கி, அந்த 2.7 மட்டும் மிஞ்சுகிறது.

"அப்ப ஒரே தடவையா வச்சுட்டு எழுந்து வந்துடலாமா?" என்று கேட்டான். அதுவும் பாதிக்குக் கீழேதான்டா என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நேற்று அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அதே நோட்டு. டிக்குகளுக்கு அடுத்த பக்கத்தில், இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்கச் சக்கரத்துக்கு அவனே போட்டிருக்கிறான்: 38இல் 20, ஏழு முறை பெருக்கி, 89இல் 1. கீழே "சரியா அக்கா?" என்று கேட்டிருந்தான். சரிதான்.