கேட் மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன்கள் லீவு கிடைத்தால் நாகலாபுரம் மலைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். இப்போது அவர்களுக்கு இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு மேல் ஆசை வந்திருக்கிறது. நான் அங்கே நடந்துவிட்டு வந்தவன் என்பதால் எந்த ஷூ வாங்கலாம், எந்த பேக் வாங்கலாம் என்று பார்க்கும்போதெல்லாம் கேள்வி. சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: அங்கே பாதை மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறதுதான், அதில் வாதாட எதுவும் இல்லை.

காசிமேட்டுப் பக்கம் வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி, கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டால், கடல் பார்வைக்கு எவ்வளவு அமைதியாக இருந்தாலும் போட்டை எடுக்க மாட்டார்கள். அதே ஊர்க்காரர்கள் மலைக்குப் போனால் மட்டும் "இவ்ளோ செலவு பண்ணி வந்துட்டோம், கொஞ்ச தூரம் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்று ஆரம்பிக்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், அதில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அதை நாம் மறந்துவிடக் கூடாது.

ரீயூனியனில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் 2,632 மீட்டர் உயரம், உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. 1977-இல் அதன் குழம்பு பித்தோன் சேன்ட் ரோஸ் என்ற ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கண்காணிப்பு நிலையம் அமைத்தார்கள். பூமிக்கு அடியில் குழம்பு மேலே ஏறத் தொடங்கினால் சின்னச் சின்ன நடுக்கங்கள் சரசரவென்று கூடும். அதைப் பார்த்ததுமே பா தெ பெல்கோம்ப் என்ற இடத்தில் இருக்கும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். குழம்பு உச்சியில் இருந்துதான் வரும் என்றில்லை, நாம் நடக்கிற தரையிலேயே நீளமாகப் பிளந்துகொண்டு வரலாம், அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. உச்சிப் பள்ளத்தின் விளிம்பும் நம்பக்கூடியதல்ல. 2007 ஏப்ரலில் அந்தப் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிப் போனது. செல்ஃபிக்காகக் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

கேட் திறந்திருந்தால் செங்குத்தான சுவரில் படி இறங்கிக் கீழே போக வேண்டும். அப்புறம் முழுக்கக் கறுப்புப் பாறை. மரம் கிடையாது, நிழல் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு 3 லிட்டராவது தூக்கிக்கொண்டுதான் போகணும். சில இடத்தில் பாறை முறுக்கிய கயிறு போல வழவழவென்று உறைந்திருக்கும், சில இடத்தில் உடைந்த கண்ணாடி மாதிரி கூர்கூராக நிற்கும், தடுக்கி விழுந்து கை ஊன்றினால் உள்ளங்கை கிழிந்துவிடும். ஷூவுக்குத் தடித்த அடிப்பாகம் வேண்டும் என்பது இதற்காகத்தான். ஒரு ஜோடி கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாறையில் வெள்ளை பெயின்டால் அடையாளம் போட்டிருப்பார்கள், அதுதான் பாதை. காலையில் பளிச்சென்று இருக்கும் வானம் மதியத்துக்கு முன்பே மேகத்தில் மூடிக்கொள்ளும். ஒரு அடையாளத்தில் நின்றால் அடுத்த அடையாளம் தெரியாது. அப்போது எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் தேடப் போகக் கூடாது. மற்றவர்கள் அடையாளத்திலேயே நிற்க, ஒருவர் மட்டும் குரல் கேட்கும் தூரத்துக்குள் போய்த் தேடணும், கிடைக்காவிட்டால் உடனே திரும்பி வரணும். விடிவதற்கு முன்பே கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதும் இந்த மேகத்தால்தான்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்லணும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்து ஊரே தத்தளித்ததை மறந்திருக்க மாட்டோம். இந்தத் தீவில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 182.5 செ.மீ. கொட்டியிருக்கிறது, சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறுவதையாவது நின்று பார்க்க நேரம் இருக்கும். அங்கே மேலே எங்கோ பெய்யும் மழை, நீங்கள் வெயிலில் நின்றுகொண்டிருக்கும் ஓடைக்குத் திடீரென்று வந்து சேரும். தண்ணீர் கலங்கினாலோ இரைச்சல் மாறினாலோ கடக்காதீர்கள், கரையேறிக் காத்திருங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், அப்போது போகவே வேண்டாம். மே முதல் அக்டோபர் வரை நல்லது, ஆனால் மேலே குளிரும். 3,000 மீட்டரைத் தாண்டிய பித்தோன் தெ நேஜ் உச்சியில் விடிகாலைக் குளிருக்கு நம்ம ஊர் ஸ்வெட்டர் பத்தாது.

மஃபாத் பள்ளத்தாக்குக்கு ரோடே கிடையாது. கால்நடையாகப் போகணும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். உள்ளே பல இடங்களில் செல்போன் சிக்னலும் இல்லை, அதனால் எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்கும் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அவசர எண் 112. எந்தெந்தப் பாதை மூடியிருக்கிறது என்று அங்குள்ள வனத்துறை வெளியிடும் பட்டியலை முதல் நாள் இரவே பாருங்கள்.

இங்கே பயிற்சிக்கு மலை இல்லையே என்று கேட்கிறார்கள். ஹவுசிங் போர்டு மாடிப்படி போதும். பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்குங்கள், இறங்குவதில் அதிக நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் முட்டி போவது பெரும்பாலும் அப்போதுதான். புது ஷூவையும் அதிலேயே பழக்கிவிடுங்கள்.