சோடியம் 117

ஒக்ரோபர் 9
அம்மம்மா என்னை அம்மாவின்ர பேர் சொல்லிக் கூப்பிட்டா. மூண்டு தரம். இரத்தத்தில சோடியம் 117 ஆம். 135க்கு மேல இருக்கோணும்.

ஒக்ரோபர் 10
இரவு முழுக்க வாட்டு வாசல் வாங்கில, இரசாயன ரியூற் மடியில. இலத்திரன் நாட்டம், அதாவது ஒரு இலத்திரனை வாங்கேக்க அணு வெளிய விடுற சக்தி, குளோரீனுக்கு 349, புளோரீனுக்கு 328 கிலோயூல். மின்னெதிர்த்தன்மை, அதாவது பிணைப்பில இலத்திரனை இழுக்கிற பலம், புளோரீனுக்கு 3.98, குளோரீனுக்கு 3.16. போன முறை சோதினையில இதிலதான் கோட்டை விட்டனான். ஒண்டு கூடினா மற்றதும் கூடும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு கீறிப்போட்டன். புளோரீன் சின்ன அணு. உள்ள நெருக்கி நிக்கிற ஏழு இலத்திரனும் புதுசா வாற எட்டாவதைத் தள்ளும். கொடிகாமம் மினிபஸ் மாதிரி. சரி, அப்ப ஏன் அதுக்கு 3.98?

ஒக்ரோபர் 11
121. கெதியா ஏத்தினா மூளைக்குக் கூடாதாம். பிறசர் குளிசை ஒண்டை நிப்பாட்டிப் போட்டினம்.

ஒக்ரோபர் 12
மழை. ரியூசன் போகேல்லை.

ஒக்ரோபர் 13
சித்தி ஆனையிறவுக் கல்லுப்பைக் கடுதாசியில சுத்திக் கொண்டந்து, "இதைக் கரைச்சுக் குடுங்கோ பிள்ளை" எண்டு மிஸ்ஸியோட மல்லுக்கட்டினா. வெக்கமாப் போச்சுது. கடுதாசியை நான் வாங்கி வச்சிட்டன்.

இரவு போன் வெளிச்சத்தில ஒரு கல்லை எடுத்துப் பாத்தன். ஒரு மூலை உடைஞ்சிருக்கு, மற்றதெல்லாம் நேர் வெட்டு. சோடியத்திட்ட இருந்து ஒரு இலத்திரனைப் பிடுங்க 496 வேணும். குளோரீன் வாங்கேக்க தாறது 349. 147 துண்டு விழுது. குளோரீனின்ர ஆசையை மட்டும் நம்பினா உப்பே வராது. அந்த 349 வாயுவில தனிய நிக்கிற அணுவின்ர கணக்கு. துண்டை நிரப்புறது சாலகச் சக்தி: இலத்திரனைக் குடுத்ததும் வாங்கினதும் அயனாகி வந்து அடுக்குப்படேக்க 787 வெளிய வருது. இந்தக் கல்லு அந்த அடுக்குத்தான்.

மின்னெதிர்த்தன்மை வேற கதை. பிணைப்புக்குள்ள போனாப் பிறகுதான் அதுக்கு வேலை: பங்கு போட்ட சோடியை ஆர் தன்ர பக்கம் இழுக்கிறது எண்டது. வித்தியாசம் 1.7ஐத் தாண்டினா அயன் எண்டு எழுதச் சொல்லித் தந்தவை. ஐதரசன் புளோரைட்டில 1.78. அது பங்கீட்டுவலு, சோடியைப் பங்கு போடுற பிணைப்பு! பாடமாக்கினதை நம்பேலாது.

ஒக்ரோபர் 14
124. "புட்டுக்கு உப்புக் காணாது" எண்டா அம்மம்மா. அம்மா வெளிய போய் அழுதா. என்ர பேர் இன்னும் வரேல்லை.

ஒக்ரோபர் 15
மின்னெதிர்த்தன்மைக்கு முல்லிக்கன் எண்ட விஞ்ஞானி 1934 இல சொன்னது: அயனாக்கற் சக்தியையும் (இலத்திரனைப் பிடுங்க வேண்டியது) நாட்டத்தையும் கூட்டிப் பாதியாக்கு. குளோரீன் 1251 + 349. புளோரீன் 1681 + 328. நாட்டத்தில 21 குறைஞ்சாலும் மற்றதில 430 கூட. தன்ரயை விடாது, அதுதான் விசயம்! நான் வாங்கிறதை மட்டும் பாத்துக்கொண்டிருந்திருக்கிறன். ஆருக்காவது சொல்லோணும் போல கிடந்தது, அம்மம்மா நித்திரை.

ஒக்ரோபர் 16
128. மத்தியானச் சாப்பாடு நான்தான் கொண்டு போகோணும். உப்புக் கடுதாசி இன்னும் பாக்கில.