குசினியிலிருந்து பார்த்த மாளிகை

பாரிசுக்கு வந்த எங்கள் ஆட்கள் பலருக்கு இந்த நகரம் பின்வாசல் வழியாகத்தான் அறிமுகமாகிறது. எனக்கும் அப்படித்தான். வேலை ஒரு றெஸ்ரோரண்டின் நிலவறையில், கோப்பை கழுவுவது. இருப்பு கூரைக்குக் கீழே, முன்பு வேலைக்காரிகளைப் படுக்கவைத்த ஓர் அறையில். சரிந்த கூரையில் தலை இடிக்காமல் நிமிர்ந்து நிற்க ஒரு பக்கம்தான் இடம். கழிப்பறை வெளியே நடையில், எல்லாருக்கும் பொது. அந்தக் கட்டடத்தின் முன்பக்கத்தில் கம்பளம் விரித்த படிக்கட்டும் லிஃப்டும் இருந்தன. எங்களுக்கு முற்றத்தின் மூலையில் ஒடுங்கிய சுழல்படி. ஒரே வீட்டுக்கு ஏன் இரண்டு படிக்கட்டு என்று கேட்டால், பழைய கட்டடம் அப்படித்தான் என்பார்கள்.

அதற்கு முழுப் பதில் கிடைத்தது நிசிம் து கமோந்தோ மியூசியத்தில். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் 2ஆம் இலக்க மெத்ரோ ஏறினால் ஏழாவது நிறுத்தம் வில்லியே. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் மோன்சோ வீதி, 63ஆம் இலக்கம். வீதியிலிருந்து பார்த்தால் பெரிய வாயிற்கதவு மட்டும்தான். உள்ளே முற்றம், முற்றத்துக்கு அப்பால் வீடு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம், அதையொட்டி மோன்சோ பூங்கா. பிரெஞ்சுப் பிரபுக்களின் நகர மாளிகைகளுக்கு இதுதான் வழக்கமான அமைப்பு. வீதியின் சத்தமும் சேறும் வீட்டுக்காரரைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் சூத்திரம்.

ஆனால் இதைக் கட்டியவர் பிரபு வம்சத்தவர் அல்ல. மொயீஸ் து கமோந்தோ 1860இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர், யூத வங்கிக் குடும்பம். 1869இல் குடும்பம் பாரிசுக்கு வந்தது. அவரும் சிறுவயதில் இடம்பெயர்ந்து வந்த ஆள்தான். காசோடு வந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோரின் வீட்டை இடித்துவிட்டு, 1911 முதல் 1914 வரை ரெனே செர்ஜான் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு இதைக் கட்டினார். வெர்சாய் அரண்மனைத் தோட்டத்திலுள்ள பெத்தி த்ரியானோன் என்ற சிறு மாளிகைதான் முன்மாதிரி. வெளித்தோற்றம் 18ஆம் நூற்றாண்டு. உள்ளே லிஃப்ட், வெப்பமூட்டும் வசதி, ஓடு பதித்த குளியலறைகள், எல்லாம் 20ஆம் நூற்றாண்டு.

முற்றத்தால் நுழைவது கீழ்த்தளத்தில். பளிங்குப் படியேறினால் வரும் வரவேற்பறைகள் தோட்டத்தைப் பார்த்திருக்கும். அவற்றில் பெரியதான சலோனின் வெள்ளையும் தங்கமுமான மரப்பலகைகள் வேறொரு பழைய மாளிகைச் சுவர்களிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. சுவருக்கு ஏற்ற பொருள் தேடுவது உலக வழக்கம். இவர் சேர்த்த பொருளுக்கு ஏற்ப வீடு கட்டினார். எனக்கு அந்த அறை கொஞ்சம் அதிகம்தான். இத்தனை நாற்காலியில் எதில் உட்காருவது?

பிடித்தது பீங்கான் அறை. சாப்பாட்டறைக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கிறது. சுற்றிவரக் கண்ணாடி அலுமாரிகள், அவற்றில் பிரான்சில் பேர்பெற்ற செவ்ர் பீங்கான் தட்டுகள். தட்டுக்குத் தட்டு வேறு வேறு பறவை. 18ஆம் நூற்றாண்டு அறிஞர் பூஃபோன் எழுதிய இயற்கை வரலாற்று நூலின் படங்களைப் பார்த்து வரைந்தவை. விருந்தினர் இல்லாத நாட்களில் மொயீஸ் இங்கே தனியாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவாராம்.

தனியாக என்பதற்குக் காரணம் உண்டு. மனைவியோடு மணமுறிவு. மகன் நிசிம் போர் விமானத்தில் பறந்து 1917இல் கொல்லப்பட்டார். மொயீஸ் 1935இல் இறக்கும்போது, மகன் பெயரில் வீட்டைப் பிரான்சுக்கு எழுதிவைத்தார், எதையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1936இல் மியூசியம் திறந்தது. சில வருடங்கள் கழித்து அவருடைய மகள் பெயாத்ரீஸ், அவருடைய கணவராக இருந்தவர், இரண்டு பிள்ளைகள் என நால்வரும் யூதர் என்பதற்காகப் பிடிக்கப்பட்டு நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை. மகனை நாட்டுக்குக் கொடுத்தது, வீட்டைக் கொடுத்தது, எதுவும் கணக்கில் வரவில்லை. பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் வாசலிலுள்ள அந்த நினைவுக் கல் எனக்கு ஞாபகம் வரும்.

சரி, குசினிக்கு வருவோம். கீழ்த்தளத்தில் இருக்கிறது. சுவர் முழுக்க வெள்ளை ஓடு, நடுவில் வார்ப்பிரும்பு அடுப்பு, அது ஒரு கார் அளவு. வரிசையாகச் செப்புச் சட்டிகள். வெளிச்சம் வர சன்னல். தலைமைச் சமையற்காரருக்குத் தனி அலுவலறை, பணியாளர் சேர்ந்து சாப்பிட ஒரு கூடம். சமைத்தது மேலே சாப்பாட்டறைப் பக்கம் போகச் சின்ன லிஃப்ட். ஆட்கள் போகத் தனிப் படிக்கட்டு. மணமும் சத்தமும் மேலே போகக்கூடாது, வேலை செய்யும் ஆளும் கண்ணில் படக்கூடாது. நான் மூச்சிரைக்க ஏறிய சுழல்படியும் இந்த யோசனையில் பிறந்ததுதான்.

கோபம் வருமென்று நினைத்தேன். வந்தது பொறாமை. நான் வேலை செய்த நிலவறையில் சன்னலே கிடையாது. கோடையில் ஆவியும் வியர்வையுமாகக் கண் எரியும். நூறு வருடத்துக்கு முன்னால், எங்களை ஒளித்துவைக்கக் கட்டிய குசினியில் காற்றும் வெளிச்சமும் இருந்திருக்கின்றன.

கூட வந்த சினேகிதன் இப்போது நல்ல இடத்தில் சமையற்காரன். கோப்பை கழுவும் பகுதியின் தொட்டிகளுக்கு முன்னால் நின்று உயரத்தைக் கையால் அளந்து பார்த்தான். “இப்பிடி ஒண்டு எங்களுக்கு இருந்திருந்தா முதுகு தப்பியிருக்கும்” என்றான். பெரிய சலோனை அவன் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டான். இங்கேயிருந்து அவனைக் கிளப்புவதுதான் பாடாகப் போனது.