அழுத்தினால்தான் வலி போகுமா?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஓர் ஆயுர்வேத நிலையத்தில் பல வருஷமாகப் பெண்களுக்கு வலிக்கான மசாஜ் சிகிச்சை செய்துவருகிறேன். கழுத்து, இடுப்பு, தோள்பட்டை, முழங்கால் என்று எந்த வலியோடு வந்தாலும், மேசையில் குப்புறப் படுத்ததும் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "நல்லா அமுக்குங்கக்கா, வலிச்சாத்தான் விடும்." நாள் முழுக்க நின்று, குனிந்து, தூக்கி வேலை செய்துவிட்டு, கிடைத்த ஒரு மணி நேரத்துக்குக் கைக்காசு கொடுத்து வருகிறவர்கள். கொடுத்த காசுக்கு வலுவாகப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் இந்த நம்பிக்கையாலேயே வலியைக் கூட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தசை, நரம்பு, மூட்டு மூன்றும் ஒரே அழுத்தத்தைத் தாங்காது. சில வலிக்கு அழுத்தமே ஆகாது.

தசைப்பிடிப்பு என்றால் அவர்கள் சொல்வது ஓரளவு சரிதான். பரோட்டாவுக்கு மாவு பிசைகிறவர், கணினி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவர், கைக்குழந்தையை ஒரே பக்கத்து இடுப்பில் வைத்துப் பழகியவர், இவர்களுக்கெல்லாம் கழுத்திலிருந்து தோள் வரை இறுகிக் கிடக்கும். விரல் வைத்தால் முடிச்சு தட்டுப்படும், அதை அழுத்தினால் வலி காதுக்குப் பின்னாலும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறும். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு முதுகுவலி வைத்தியம் பார்த்த டாக்டர் ஜேனட் டிராவெல், இப்படி ஓரிடத்தில் தொட்டால் வேறிடத்தில் வலி தெரிவதை உடம்பு முழுக்கப் படமாகக் குறித்துவைத்தவர். அந்த முடிச்சுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் தீரவில்லை. ஆனால் வலி ஓடும் பாதை என் விரலுக்குத் தினமும் தெரிகிறது.

அதிலும் எடுத்த எடுப்பில் கட்டைவிரலை ஊன்றக் கூடாது. தன்வந்தரம் தைலத்தை இளஞ்சூடு பண்ணி, உள்ளங்கை முழுவதும் படும்படி மெதுவாக நீவிக்கொண்டே போனால் தசை தானாக இளகும், அப்புறம்தான் முடிச்சில் விரல் வைப்பேன். அப்போது என் கண் அவர்களுடைய கால் விரல்களில் இருக்கும். முகம் மேசையின் ஓட்டைக்குள் இருப்பதால் பார்க்க முடியாது, வாய் திறந்து "போதும்" என்று சொல்ல நம் பெண்களுக்குக் கூச்சம், கேட்டாலும் "பரவால்லக்கா, பிடிங்க" என்பார்கள். கால் கட்டைவிரல் மட்டும் மடங்கும், மூச்சு நின்று நின்று வரும். உடனே அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலியைத் தாங்குகிறவருக்குத் தசை மேலும் இறுகுமே தவிர இளகாது. மறுநாள் எழுந்திருக்க முடியாமல் வலித்தால் "தசையில தேங்கின கழிவெல்லாம் வெளியேறுது" என்று சொல்லி அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. அது உண்மையில்லை. அவர்கள் கழிவு என்று சொல்லும் லாக்டிக் அமிலம் தசையில் நாள்கணக்கில் தேங்குவதில்லை, கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகுகூட ஒரு மணி நேரத்துக்குள் உடம்பே அதைக் கவனித்துக்கொள்ளும். அந்த மறுநாள் வலி, அளவுக்கு மீறி நசுக்கியதால் வந்த வலி.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் ஆசான். சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது உடம்பு பிடித்துவிடுவது, ஒன்பது வகை என்று சொல்லித்தருவார்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஒன்பதில் அழுத்தல் ஒன்றே ஒன்று. வருகிற ஆளைத் தொடுவதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்தபடியே அவர் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார், எந்தக் காலில் பாரம் போடவில்லை, எந்தப் பக்கம் சாய்கிறார் என்று. எனக்கும் அது பழகிவிட்டது. வரவேற்பு மேசையிலிருந்து அறைக்கு வரும் நாலு எட்டிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நரம்பு வலி என்றால்தான் எனக்குப் பயம். மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி வந்தாள். பின்புறம் குடைகிறது, முழங்கையால் ஊன்றி விடுங்கள் என்றாள். வேறோர் இடத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அன்று ராத்திரி காலைத் தரையில் வைக்க முடியவில்லையாம். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்லத் தூக்கினேன். பாதி உயரம்கூடப் போகவில்லை, "ஐயோ, கரண்டு அடிக்குதுக்கா" என்று கத்திவிட்டாள், கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் இழுத்தது. முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஐந்து வேர்கள் சேர்ந்து உண்டாவது இப்படி இழுக்கும் சயாட்டிக் நரம்பு. நம் உடம்பிலேயே தடிமனானது அதுதான். பின்புறத் தசைக்கு அடியில் நுழைந்து காலில் இறங்குகிறது. மேலே முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கி வேர் அழற்சியில் இருக்கும்போது, கீழே அதே நரம்பின் மேல் முழங்கையை ஊன்றினால் என்ன ஆகும்? அதைச் சுற்றித் தசை இறுகியிருப்பதே அந்த இடம் அசைந்து இழுபடாமல் காப்பதற்குத்தான், அதை வம்படியாகப் பிரித்துவிடக் கூடாது.

அவளிடம் முதலில் கேட்டது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போகிறதா, தொடையிடுக்கு மரத்துப்போகிறதா, நடக்கும்போது பாதம் தொங்குகிறதா என்றுதான். இதில் ஒன்று இருந்தாலும் எண்ணெயை மூடிவைத்துவிட்டு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். நல்லவேளை, எதுவும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து, முதுகுத்தண்டின் இரு பக்கமும் லேசாக நீவிவிட்டேன், அவ்வளவுதான். பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து இயன்முறை சிகிச்சைக்குப் போனாள். இப்படிப்பட்ட தட்டுப் பிதுக்கம் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் குறைந்துவிடும். அந்த நாட்களைத் தாண்டுவதற்கு வலியைத் தணித்து, தூங்கவைத்து, பயிற்சி செய்யும் அளவுக்கு உடம்பைத் தயாராக்குவதுதான் எங்கள் பங்கு. 2016-ல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு வெளியிட்ட இடுப்புவலி வழிகாட்டுதலும், மசாஜ் போன்ற கைச்சிகிச்சையைத் தனியாகத் தராமல் உடற்பயிற்சியோடு சேர்த்தே தரச் சொல்கிறது. என் அனுபவமும் அதேதான். மசாஜை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அதே வலியோடு திரும்பத் திரும்ப வந்தார்கள்.

பூக்கடையில் மாலை கட்டும் ஓர் அக்கா உண்டு. தைப்பூசம், தீபாவளி சமயத்தில் அவருக்கு ராத்திரி பகல் கிடையாது. நடுராத்திரியில் கை மரத்து விழித்துக்கொள்கிறார், உதறினால் சரியாகிறது. கழுத்து நரம்பு என்று யாரோ சொல்லி, கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தார். எந்தெந்த விரல் மரக்கிறது என்று கேட்டேன். யாருமே இதுவரை கேட்கவில்லையாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி. சுண்டுவிரலில் ஒன்றுமில்லை. இந்த வரிசை மணிக்கட்டுக்குள் நெருக்கப்படும் நரம்பைக் காட்டுவது, கழுத்தை எத்தனை தடவை திருப்பினாலும் போகாது. மணிக்கட்டையே போட்டு அழுத்தினாலும் மோசமாகும், ஏற்கெனவே இடமில்லாத இடம் அது. முன்கைத் தசையை மட்டும் நீவிவிட்டு, ராத்திரி மணிக்கட்டு மடங்காதபடி கட்டும் பட்டையைப் பற்றிச் சொல்லி, டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "மாலை கட்டாம இருக்க முடியாதும்மா" என்றார். உண்மைதான், அதுதான் அவருடைய சோறு. இடையிடையே கையைக் கீழே வைத்து ஓய்வு கொடுப்பது, கட்டைவிரலுக்கு அடியில் உள்ள சதை வற்ற ஆரம்பித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்ப்பது, இந்த இரண்டை மட்டும் அழுத்திச் சொன்னேன்.

மூட்டில் என்னை அதிகம் வருத்துவது உறைதோள். தலை பின்ன முடியவில்லை, முதுகுப்பக்கம் கை போகவில்லை என்று வருவார்கள், பலருக்குச் சர்க்கரை இருக்கும். 2016-ல் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிரான போர் என்று அறிவித்தார், சிங்கப்பூர் இந்தியர்களிடம் அந்த நோய் எவ்வளவு என்பது நம் வீடுகளுக்கே தெரியும். உறைதோளில் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. வலி கடுமையாக இருக்கும் முதல் கட்டத்தில் கையைப் பிடித்து மேலே வளைத்து "விடுவிக்க" நினைப்பது கொடுமை. குணமாக ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகலாம், அதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது, தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகளைத் தளர்த்துவது, இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக. அப்புறம், சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் கிழி ஒத்தடம் (துணியில் மூலிகை கட்டிச் சூடாக ஒற்றுவது) கொடுக்கும்போது சூட்டை என் மணிக்கட்டில் வைத்துப் பார்க்காமல் வைக்க மாட்டேன். அவர்களில் பலருக்குச் சுடுவதே தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும், அந்தக் கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

2018 மார்ச்சில் நடப்புக்கு வந்த உடம்புப்பிடி நிலையங்கள் சட்டத்தின்படி இங்கே இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் போலீஸ் உரிமம் வேண்டும். உரிமம் இருப்பதால் நாங்கள் மருத்துவராகிவிட மாட்டோம். எலும்பு முறிவையோ காலில் ரத்தம் உறைந்திருப்பதையோ பார்க்க எங்களிடம் கருவி இல்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்திருந்தால் அதை நான் தொடவே மாட்டேன், எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண், ஈரத் தரையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்துவிட்டு, சுளுக்கு எடுக்க வந்தார். வீக்கம் பெரிதாக இல்லை. கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குழி தெரியுமே, அந்த இடத்தில் லேசாகத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அங்கே உள்ள சிறிய எலும்பில் விரிசல் விட்டால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல்கூடப் போகும், கவனிக்காமல் விட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு ஒட்டாமலே போய்விடலாம். டாக்டரிடம் போகச் சொன்னேன். அழுதுவிட்டார். எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயம். வேலை செய்யும்போது வந்த காயம் என்றால் மருத்துவச் செலவும் விடுப்புக்கான சம்பளமும், சட்டம் சொல்லும் வரம்புக்குள், முதலாளி கொடுக்க வேண்டியவை, வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று எடுத்துச் சொல்லி, விழுந்த இடத்தையும் நேரத்தையும் அன்றைக்கே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பவைத்தேன். அன்று அவரிடம் காசு வாங்கவில்லை, சிகிச்சையும் கொடுக்கவில்லை.

முதல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார், மறுபடி எடுத்த படத்தில் விரிசல் தெரிந்திருக்கிறது. மாதக்கணக்கில் கட்டோடு இருந்து, எலும்பு சேர்ந்துவிட்டது என்று சொன்னபிறகு என்னிடம் வந்தார். அசையாமல் கிடந்ததில் முன்கையும் தோளும் இறுகியிருந்தன. அவற்றைத்தான் பிடித்தேன், மணிக்கட்டுக்கு இயன்முறை மருத்துவர் எழுதிக்கொடுத்த பயிற்சிகளை என் எதிரிலேயே ஒருமுறை செய்துகாட்டச் சொன்னேன்.